இல்லந்தோறும் இருக்க வேண்டிய இசைச் சொற்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    



இன்னும் சற்று நேரத்தில் இதே மேடையில் கச்சேரி தொடங்கவிருக்கிறது. பந்திக்கு முன் இலை போட வேண்டுமல்லவா? அந்த இலை போடும் பணியைத்தான் சங்கத்தார் நம்மிடம் ஒப்படைத்திருக்கின்றனர். இசையில் அடிக்கடி வழங்கும் சில சொற்களையும் அவற்றின் பொருளையும், முதன்முதலாகக் கேட்போருக்கும் விளங்கும்படி எடுத்துக் கூறுவதே நமது நோக்கம். நாம் இசைப் புலவர் அல்லோம். ரயில்வேயில் எழுத்தர் பணி புரிகிறோம். ஆயினும் கேட்பவனுக்கு என்னென்ன தெரிந்தால் போதும் என்பதைக் கேட்பவன்தானே சொல்ல வேண்டும்?

இச்சொற்களை இப்பொழுது ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். தமிழ்நாட்டில் ஒரு குழந்தை கோயிலில் நாகசுரம் கேட்கிறது. கல்யாண வீட்டில் கேட்கிறது. அண்டை வீட்டில் பாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுப்பது சுவரைத் தாண்டி வந்து காதில் விழுகிறது. கேட்டுக் கேட்டே அதற்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. நம் காலனியின் நிலை வேறு. இங்கே நம் குழந்தைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தமிழை வீட்டில்தான் கற்பிக்கிறோம். ஊர் மாற்றல் வந்தால் பாட்டு வகுப்பும் அதோடு நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் கச்சேரியில் நம் மகள் நம் பக்கம் திரும்பி, "அப்பா, அவர் ஏன் தொடையில் தட்டுகிறார்? இப்பொழுது ஏன் வார்த்தை இல்லாமல் பாடுகிறார்?" என்று கேட்கிறாள். "பேசாமல் கேள்" என்கிறோம். அடுத்த ஆண்டு அவள் கேட்பதில்லை. அதற்கடுத்த ஆண்டு அவள் வருவதே இல்லை. நம் இல்லங்களில் பலவற்றில் நடப்பது இதுவே. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லத் தெரிந்த பெற்றோர் இருந்தால், இசை அந்த வீட்டில் தங்கும்.

முதலில் சுருதி. கச்சேரி தொடங்குமுன் தம்புராவை மீட்டி, நெடுநேரம் திருகிச் சரிசெய்கிறார்களே, அது வீண் தாமதம் அன்று. பாடகர் தம் குரலுக்கு ஏற்ற ஓர் ஒலியை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார். அதுவே 'ச' என்னும் ஷட்ஜம். கச்சேரி முடியும்வரை எல்லா ஸ்வரங்களும் அதிலிருந்தே அளக்கப்படும். ரயில் பாதையில் தூரத்தை அளக்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டியிருப்பதைப் போன்றது இது. தம்புராவின் நான்கு தந்திகளும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது பஞ்சமம், ஷட்ஜம், மீண்டும் ஷட்ஜம், கீழ் ஷட்ஜம் என்னும் இவற்றைத்தான். ஆர்மோனியக் கட்டைகளை வைத்து ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று சுருதியைக் குறிப்பது வழக்கம். வெள்ளைக் கட்டைகள் முழு எண். கறுப்புக் கட்டைகள் அரை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவர். சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் முன்னோர் கூறினர். சுருதி விலகினால் எத்தனை அழகிய பாடலும் காதை உறுத்தும். இதை அறியச் சாத்திரம் படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஸ்வரம். ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்னும் ஏழின் முதல் எழுத்துக்களே ச, ரி, க, ம, ப, த, நி. 'ச' விநாடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொண்டால், 'ப' 360 அதிர்வுகளாகவும், மேல் 'ச' 480 அதிர்வுகளாகவும் இருக்கும். ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றுக்கு இரண்டு என்னும் இந்த எளிய கணக்கினால்தான் இம்மூன்றும் ஒன்றோடொன்று இழைந்து ஒலிக்கின்றன. சவும் பவும் மாறுவதில்லை. மற்ற ஐந்துக்கும் தாழ்ந்த, உயர்ந்த நிலைகள் உண்டு. ஆக, ஒரு சவுக்கும் அடுத்த சவுக்கும் இடையே மொத்தம் 12 ஸ்வரத் தானங்கள். ஆர்மோனியத்தில் ஏழு வெள்ளையும் ஐந்து கறுப்புமாக இவற்றைக் கண்ணாலேயே காணலாம். ஒரே தானத்துக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு பெயர் வருவதும் உண்டு. ஆதலின் பெயர்கள் மட்டும் 16.

ச முதல் நி வரை உள்ள இந்த ஏழும் அடங்கிய வட்டாரத்துக்கு ஸ்தாயி என்று பெயர். கீழே மந்தர ஸ்தாயி, நடுவில் மத்ய ஸ்தாயி, மேலே தார ஸ்தாயி. மெலிவு, சமன், வலிவு என்பன இவற்றுக்குரிய தமிழ்ப் பெயர்கள். ஸ்வரங்கள் படிப்படியாக ஏறுவது ஆரோகணம், இறங்குவது அவரோகணம். தமிழில் இவற்றை ஆரோசை, அமரோசை என்பர்.

இனி இராகம். எல்லோரும் சொல்லும் சொல் இது. விளக்கச் சொன்னால் எல்லோரும் தயங்கும் சொல்லும் இதுவே. நமக்குப் பழக்கமான ஓர் உவமையால் சொல்கிறோம். பன்னிரண்டு ஸ்வரத் தானங்களும் ஒரு பாதையிலுள்ள பன்னிரண்டு நிலையங்கள் என்று கொள்வோம். எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. மோகனம் என்னும் வண்டி ச, ரி, க, ப, த என்னும் ஐந்தில் நிற்கும். மவையும் நியையும் நிற்காமல் கடந்துவிடும். ஹிந்தோளம் ச, க, ம, த, நி என்னும் ஐந்தில் நிற்கும். அதன் காந்தாரமும் தைவதமும் மோகனத்தினுடையவற்றைவிடத் தாழ்ந்தவை. இரண்டுக்கும் ஐந்தே ஸ்வரம். ஆனால் கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி முற்றிலும் வேறு.

நிற்கும் நிலையங்களின் பட்டியல் மட்டும் இராகமாகிவிடாது. எங்கே அதிக நேரம் நிற்பது, எங்கே தொட்டுவிட்டுப் போவது, எந்த ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது என்பவையும் சேர்ந்ததே இராகம். ஆரபியையும் தேவகாந்தாரியையும் பாருங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் அவரோகணம் ஒன்றே. ஆரபி துள்ளி நடக்கும். தேவகாந்தாரி நிதானமாக, அசைந்து அசைந்து வரும். ஸ்வரத்தை இப்படி அசைத்தும் வளைத்தும் இழைத்தும் பாடுவதற்குக் கமகம் என்று பெயர். நம் இசைக்கு உயிர் அதுவே. ஆர்மோனியத்தில் பன்னிரண்டு தானங்களும் கிடைத்தும் தோடி இராகம் முழுமையாகக் கிடைப்பதில்லை என்றால், அதற்குக் காரணம் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே வழுக்கிச் செல்ல வழியில்லாமையே.

'72 மேளகர்த்தா' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். கணக்கு நம் பிள்ளைகள் போடக்கூடியதே. ரியும் கவும் சேரக்கூடிய வகைகள் ஆறு. அவ்வாறே தவும் நியும் சேரக்கூடிய வகைகள் ஆறு. ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு. மத்யமம் இருவகை, ஆகவே எழுபத்திரண்டு. ஏழு ஸ்வரமும் முறையாக உள்ள இவற்றைத் தாய் இராகங்கள் என்றும், இவற்றினின்று பிறப்பனவற்றை ஜன்ய இராகங்கள் என்றும் கூறுவர். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்க மன்னர் காலத்தில் வேங்கடமகி தமது 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்னும் நூலில் இக்கணக்கை வகுத்தார். அவற்றுள் பதினைந்தாவது மாயாமாளவகௌளை. குழந்தைகள் முதன்முதலில் பாடும் சரளி வரிசை இந்த இராகத்தில்தான் அமைந்திருக்கிறது. அப்பாட முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. கச்சேரி நிரல்களில் 'தீரசங்கராபரணம்', 'மேசகல்யாணி' என்று பெயருக்கு முன் ஏதோ ஒட்டியிருப்பதைக் காணலாம். அந்த முதல் இரண்டு எழுத்துக்களும் எண்களைக் குறிப்பவை. 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு. திருப்பி வாசித்தால் 29. சங்கராபரணத்தின் மேள எண் அதுவே.

தாளத்துக்கு வருவோம். லயம் வேறு, தாளம் வேறு. ஒரே சீராக நடக்கும் நடை லயம். அந்த நடையை எண்ணிக் காட்டும் அளவு தாளம். தொடையில் தட்டுவது ஏன் என்று கேட்ட மகளுக்கு விடை இங்கே இருக்கிறது. இப்பொழுதே எல்லோரும் கையை எடுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என எண்ணுங்கள். இந்த நான்கும் லகு. பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு. இது ஒரு திருதம். மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. இது இன்னொரு திருதம். நான்கும் இரண்டும் இரண்டும் எட்டு. இதுவே ஆதி தாளம். இப்படி ஒரு சுற்று முடிந்து முதல் தட்டுக்கு வருவதற்கு ஓர் ஆவர்த்தனம் என்று பெயர். பாடல் முதல் தட்டிலேயே தொடங்கினால் சம எடுப்பு. சற்றுத் தள்ளித் தொடங்கினால் அதற்கு வேறு எடுப்பு. லகுவின் அளவு மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என ஐந்து வகைப்படும். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்பன அவற்றின் பெயர்கள். ஏழு தாளங்களை இவ்வைந்தால் பெருக்க 35 தாளங்கள் ஆகின்றன. இவையன்றி, மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழு எண்ணிக்கையில் மிஸ்ர சாபு, இரண்டும் மூன்றும் சேர்ந்த ஐந்தில் கண்ட சாபு ஆகியவையும் மிகுதியாக வழங்குகின்றன.

கச்சேரியில் பாடும் உருப்படியின் உறுப்புக்கள் மூன்று: பல்லவி, அனுபல்லவி, சரணம். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழில் அழகாகச் சொல்வர். இந்த மூன்றுறுப்பு அமைப்பில் கீர்த்தனைகளைப் பாடி வழிகாட்டியவர்களுள் முந்தியவர் சீகாழி முத்துத்தாண்டவர். பின்னர் வந்த சியாமா சாஸ்திரிகள் 1762லும், தியாகராசர் 1767லும் திருவாரூரில் பிறந்தவர்கள். முத்துசாமி தீட்சிதர் பிறந்ததும் அவ்வூரே. ஒரே வரியைப் பாடகர் சிறிது சிறிதாக மாற்றி அழகு கூட்டிப் பலமுறை பாடுகிறாரே, அம்மாறுதல் ஒவ்வொன்றும் ஒரு சங்கதி. "பாடியதையே பாடுகிறார்" என்று அலுத்துக்கொள்ளாமல் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அவ்வரி ஓர் அடி மேலே ஏறுவது தெரியும்.

முன்னரே அமைத்த பாடல் ஒருபுறம். மேடையிலேயே பிறப்பது மற்றொருபுறம். இரண்டாவதற்கு மனோதர்மம் என்று பெயர். வார்த்தையும் தாளமும் இன்றி இராகத்தின் உருவத்தைச் சிறிது சிறிதாக வரைந்து காட்டுவது ஆலாபனை. மகளின் இரண்டாவது கேள்விக்கு விடை இது. பாடலின் ஒரு வரியை, அதன் தாள இடம் பிறழாமல், விதவிதமாக விரித்துப் பாடுவது நிரவல். ஸ்வரங்களையே அவ்வப்போது கற்பித்துக் கோத்துப் பாடலின் எடுப்பில் வந்து சேர்வது கற்பனை ஸ்வரம். ஆலாபனையைத் தொடர்ந்து, தாளச் சுற்று இல்லாமலே ஒரு துடிப்போடு பாடுவது தானம். அதன்பின் ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு தாளத்தின் கணக்கெல்லாம் காட்டுவது பல்லவி. மூன்றையும் சேர்த்தே இராகம் தானம் பல்லவி என்கிறோம். மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் தாமே பேசும் பகுதி தனி ஆவர்த்தனம். அது தொடங்கியவுடன் காப்பிக்கு எழுந்து போவது நம்மிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இன்று ஒருநாள் அமர்ந்து கையில் ஆதி தாளத்தைப் போட்டுக்கொண்டு கேளுங்கள். வித்வான் எங்கெங்கோ சுற்றிவிட்டு உங்கள் கை விழும் அதே தட்டில் வந்து விழும்பொழுது உங்களை அறியாமலே தலை அசையும். காப்பி ஆறினால் மறுபடியும் சூடாக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சொற்கள் நம்மைச் சுற்றியுள்ள மக்களோடு நம்மை இணைக்கவும் வல்லவை. நாம் மோகனம் என்பதை நம் வடநாட்டு அண்டை வீட்டார் பூபாலி என்கின்றனர். நம் கல்யாணி அவர்களுக்கு யமன். நம் ஹிந்தோளம் அவர்களுக்கு மால்கௌன்ஸ். சங்கராபரணத்தின் ஸ்வரங்களை அவர்கள் பிலாவல் என்னும் தாட்டில் வைத்திருக்கின்றனர். பெயர் ஒன்றாயிருந்து பொருள் வேறாகும் இடங்களும் உண்டு. அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளியை ஒத்தது. நம் தோடியின் ஸ்வரங்களோ அவர்களுடைய பைரவியில் இருக்கின்றன. நம் தானம் வேறு, விரைந்த ஸ்வர ஓட்டமாகிய அவர்களுடைய தான் வேறு. நம் ஆவர்த்தனத்தின் முதல் தட்டைப்போலவே அவர்கள் 'ஸம்' என்னும் இடத்தில் வந்து சேர்கின்றனர். அங்கும் தலைகள் அப்படியே அசைகின்றன.

இந்தப் போக்குவரத்து இன்று நேற்று ஏற்பட்டதன்று. முத்துசாமி தீட்சிதர் இளமையில் காசியில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அதன் சாயலை அவருடைய துவிஜாவந்தி போன்ற இராகப் பாடல்களில் காணலாம். அவருடைய தந்தை இராமசாமி தீட்சிதர் ஆக்கியதாகக் கூறப்படும் ஹம்சத்வனி வடக்கே வந்து அவர்கள் இராகமாகவே ஆகிவிட்டது. பம்பாயைச் சேர்ந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே 1904ஆம் ஆண்டில் தென்னாட்டில் பயணம் செய்து அறிஞர்களைக் கண்டார். வேங்கடமகியின் நூலையும் ஆராய்ந்தார். பின்னர் வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுக்களில் அடக்கி, யாவரும் கற்கும்படி எளிய நூல்கள் எழுதினார். அவர் தொழிலால் வழக்கறிஞர். மேடையில் பாடிப் பிழைப்பவர் அல்லாத ஒருவரும் சொற்களைத் தெளிவாக்கினால் இசைக்கு எத்தகைய தொண்டு செய்யலாம் என்பதற்கு அவர் சான்று.

நமக்கு உரிய பழைய சொற்களையும் குழந்தைகள் அறிய வேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசைக்குரிய தமிழ்ப் பெயர்கள். சிலப்பதிகாரம் இவற்றை நன்கறிந்த நூல். இராகத்துக்குப் பண் என்பது தமிழ்ச் சொல். தேவாரத்தில் பழம்பஞ்சுரம் என்னும் பண்ணை ஓதுவார்கள் சங்கராபரணத்திலும், கௌசிகத்தைப் பைரவியிலும் பாடி வருகின்றனர். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் இப்பழைய இசையை ஆராய்ந்து 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டார். அவர் மருத்துவராகவும் புகழ்பெற்றவர். சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே. வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று வழக்காடுவது இங்கு நம் நோக்கமன்று. இரண்டையும் அறிந்த குழந்தைக்கு இரட்டைச் செல்வம். எதையும் அறியாத குழந்தைக்கு முன் நம் வழக்காட்டால் பயன் என்ன?

இறுதியாக, காலனி இல்லங்களுக்குச் சில வேண்டுகோள்கள். கைப்பேசியிலேயே தம்புரா ஒலி கிடைக்கும் காலம் இது. நாள்தோறும் பத்து நிமிடம் அதை ஒலிக்கவிட்டு, குழந்தையைச் ச, ப, மேல் ச என்னும் மூன்றை மட்டும் பாடச் செய்யுங்கள். வாரம் ஓர் இராகம் என்று வைத்துக்கொண்டு, மோகனத்தில் தொடங்கி அந்த ஒன்றையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். சமையலறையில் பாட்டு ஒலிக்கும்பொழுது கையில் தாளம் போடுங்கள். குழந்தை தானே போடத் தொடங்கும். பக்கத்து வீட்டில் சிதாரோ தபலாவோ கற்கும் பிள்ளை இருந்தால் நம் பிள்ளையோடு உட்காரச் செய்து, ஒரே இராகத்துக்கு இருவரும் சொல்லும் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓராண்டில் ஒரு குடும்பம் பத்து இராகங்களையும் மூன்று தாளங்களையும் அடையாளம் கண்டுகொள்ளும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

மாற்றல் உத்தரவு வரும்பொழுது நாம் பாத்திரங்களையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறோம். சில பொருள்கள் வழியில் உடைகின்றன, சில தொலைகின்றன. இன்று பேசிய இச்சொற்கள் உடையாதவை, தொலையாதவை, சுமைக்கூலி இல்லாதவை. எந்த ஊருக்குப் போனாலும் தம்புரா ஒலிக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் தயங்காமல் முன்வரிசையில் போய் அமர அவை உதவும்.

பந்திக்கு இலை போட்டாயிற்று. பரிமாற வித்வான்கள் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு வழிவிடுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க இசை!